ஆபு மலையில் மூன்று இரவுகள்

தில்லியின் வைகாசி வெயிலைப் பற்றித் தலைநகர் வாழ் தமிழன்பர்களுக்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும் அந்நாள்களில், ஊர் செல்ல விடுப்புக் கிட்டாதோர் இமயத்தின் அடிவாரத்தை நாடுவர். யாமோ சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடையில் தென்மேற்கே திரும்பி, இராஜஸ்தானத்து ஆபு மலைக்கு ஏகினோம். பாலைநிலத்துக்குக் கோடையிற் போவாருண்டோ என நகைத்தோர் பலர். இராஜஸ்தானத்தின் ஒரே மலை வாசத்தலம் அது. புத்த பூர்ணிமையை ஒட்டி அங்குக் கோடை விழா எடுப்பதும், நாட்டுப்பாடகர் பலர் வந்து கூடுவதும் வழக்கம். நகைத்தோர் இவற்றை அறியார்.

உடன் வந்தவர் எம்மைப் போலவே இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நண்பர். திருநெல்வேலிச் சீமையினர், எம்மினும் நான்காண்டு இளையவர். ‘அண்ணாச்சி’ என்றே எம்மை விளிப்பார். யாம் குடந்தைப் பக்கத்தவர். எம்மூரில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரரைத்தான் குறிக்கும். ஆதலின் பழகச் சில காலம் பிடித்தது.

நண்பரின் தந்தையார் வில்லுப்பாட்டுப் புலவர். சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடைகளில் நாற்பது ஆண்டுகள் வீசுகோல் பிடித்தவர். யாம் அறிந்த வில்லுப்பாட்டெல்லாம் சுப்பு ஆறுமுகம் அவர்கள் (1928–2022) தொலைக்காட்சியில் நிகழ்த்தியதே. கோயில் முற்றத்தில் விடிய விடியப் பாடப்பெறும் வில்லை யாம் கண்டதில்லை. அவ்வாண்டு தைத் திங்களில் அப்பெரியவரைப் பக்கவாதம் தாக்க, நாக் குழறலாயிற்று. “ஆடிக்கு நீ வந்து உட்காருலே” என்று மகனுக்குத் தொலைபேசியிற் சொல்லியனுப்பினார். மகனோ பதினைந்து ஆண்டுகளாக வில்லின் அருகிற் சென்றவரல்லர். விடை கூறாமலே நாள்களைக் கடத்திவந்தார். இப்பயணத்துக்கு அவர் உடனே இசைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என யாம் கருதினோம்.

பழைய தில்லி நிலையத்திலிருந்து ஆபு ரோடு ஏறக்குறைய 750 கிலோ மீட்டர். தில்லியிலிருந்து ரேவாரி வரை 1873-இல் மீட்டர் பாதையாகத் தொடங்கிய வழி இது. இன்று அகலப் பாதை. இருவருக்கும் பாஸ் இருந்தமையின் செலவில்லை. ஆபு ரோடு நிலையத்து ‘ரப்டி’ பெயர்பெற்றது. அதை உண்ணாமல் இறங்குவது பாவம் என்பர். யாம் இரு முறை உண்டு புண்ணியம் தேடிக்கொண்டோம். அங்கிருந்து 28 கிலோ மீட்டர் பேருந்தில் வளைந்து வளைந்து ஏறினால் மலை. ஆரவல்லியின் மிக உயர்ந்த சிகரமாகிய குரு சிகரம் (1,722 மீட்டர்) இங்குதான் உள்ளது.

விடுதிகளின் விழாக்கால வாடகை எங்கள் நிலைக்கு ஏற்றதன்று. குரு சிகரம் செல்லும் சாலையோரத் தோட்டக்காரர் ஒருவர், தம் மாமரத்தடியில் கூடாரம் அடித்துக்கொள்ள இசைந்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: தின்பண்டம் எதையும் கூடாரத்துள் வைத்தலாகாது, கரடி வரும். ஆபு மலைக் காடு வனவிலங்குப் புகலிடம். அங்குக் கரடிகள் ஊருக்குள்ளும் வருவதுண்டு. மனையாள் கட்டிக்கொடுத்த புளியோதரையை மரக்கிளையில் உயரக் கட்டிவிட்டு, முதலிரவு முழுவதும் அதனையே நோக்கியிருந்தோம்.

விழா மேடையைப் பற்றி மிகுதியாகக் கூறுதற்கில்லை. நக்கி ஏரிக்கரையில் கூமர் ஆடினர், கேர் ஆடினர். இரவில் கவாலி நடந்தது. யாவும் நன்று. ஆயின் ஒலிபெருக்கி பாட்டை விழுங்கிவிட்டது. எமக்குக் கிட்டிய செல்வம் மேடைக்கு வெளியே இருந்தது.

ஏரிக்கரைப் படியில் முதியவர் ஒருவர் அமர்ந்து ‘இராவணஹத்தா’ என்னும் நரம்புக் கருவியை இசைத்துக்கொண்டிருந்தார். மூங்கில் தண்டு, அடியில் ஆட்டுத்தோல் போர்த்த தேங்காய்ச் சிரட்டை, குதிரைமயிர் கட்டிய வில், அவ்வில்லில் சலங்கைகள். தென்னை காணாத பாலைநிலத்தின் இசை சிரட்டையிலிருந்து பிறக்கிறது! பெயரோ இலங்கை வேந்தனுடையது. நண்பர் சலங்கை கட்டிய அவ்வில்லையே பார்த்துக்கொண்டு நின்றார். முதியவர் ‘போபா’ மரபினர். பாபுஜியின் காவியத்தைப் பாடும் பூசாரி. சுற்றுலாவினர் பத்து நிமிடத்துக்குமேல் நிற்பதில்லை என்றும், திரைப்படப் பாட்டையே கேட்கின்றனர் என்றும் குறைப்பட்டுக்கொண்டார். முழுக்கதை கேட்க விரும்புகின்றோம் என்று நண்பர் கூறியதும் அவர் முகம் மலர்ந்தது.

மறுநாள் அந்திக்குப்பின் தம் மனைவியாருடன் தோட்டத்துக்கே வந்தார். இரு கழிகளை நட்டு, ‘பட்’ என்னும் ஓவியத் திரையை விரித்தார். நீளம் ஏறக்குறைய 15 அடி. பில்வாரா, ஷாபுரா ஊர்களின் ஜோஷி குடும்பத்தினர் வழிவழியாக வரையும் ஓவியம் இது. திரை நடமாடும் கோயில். கிழிந்து நைந்தால் புஷ்கர் ஏரியில் விடுவரேயன்றி எறிந்துவிடுவதில்லை. மனைவியார் விளக்கைத் தூக்கி, பாடும் பகுதிக்குரிய ஓவியத்தின்மீது ஒளி விழச்செய்து, தாமும் உடன் பாடினார். மார்வாரி மொழியை யாமறியோம். தோட்டக்காரர் இந்தியில் விளக்கினார். எழுத்தராகிய எம்மை முதியவர் ‘பாபுஜி’ என்றழைப்பார், கதைத்தலைவரும் பாபுஜி. வடவர் எழுத்தில் இரண்டும் வேறு; தமிழில் எழுதினால் யாமும் காவிய நாயகராகிவிடுகின்றோம்!

பாபுஜி பதினான்காம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் இராத்தோர் குல வீரர். இலங்கைக்குச் சென்று ஒட்டகங்களைக் கவர்ந்து வந்தவர் என்பது கதை. ஒட்டகம் வளர்க்கும் ரைக்கா மக்கள் அதனாலேயே அவரை வணங்குகின்றனர். தேவல் என்னும் சாரணப் பெண்ணிடம் குதிரை பெற்றபோது, அவளுடைய பசுக்களைக் காப்பதாக வாக்களித்திருந்தார். அவர் மணச்சடங்கின் நடுவில் இருக்கையில் பசுக்கள் கவரப்பட்ட செய்தி வருகின்றது. சடங்கு முடியுமுன் எழுந்து செல்கின்றார். பசுக்கள் மீண்டன, அவர் மீளவில்லை.

அவ்விடத்தில் நண்பர் எம் கையைப் பற்றினார். “அண்ணாச்சி, இது முத்துப்பட்டன்!” என்றார்.

பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை அன்பர்கள் சிலர் படித்திருக்கக்கூடும். அந்தணர் குலத்துப் பட்டன், அருந்ததியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் உடன்பிறந்தாரை மணக்கின்றான். மணநாளிலேயே ஆநிரை கவர்ந்தோரை எதிர்த்துச் சென்று வஞ்சகமாய் மாள்கின்றான். பாபநாசம் மலைமேல் சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவன் பட்டவராயன். அங்கு அவனுக்குத் தோற்செருப்பைக் காணிக்கையாக வைக்கின்றனர். ஆநிரை மீட்டு நடுகல்லானோரைக் கரந்தைத் திணையிற் படித்த எமக்கு, அத்திணை ஆரவல்லியிலும் உயிரோடிருப்பது அன்றுதான் புலப்பட்டது.

நண்பர் பட்டன் கதையை இந்தியில் முதியவருக்குச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர், மணப்பந்தலுக்குச் செய்தி வரும் இடத்தில் தம்மையறியாது தமிழிற் பாடத் தொடங்கினார். பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் மெட்டு தவறவில்லை. கவிழ்த்த சமையற் பாத்திரமே குடமாயிற்று. சில அடிகளுக்குப்பின் சொல் மறந்து நின்றுவிட்டது.

“இதை இப்பொழுது பாடுபவர் யார்?” என்று முதியவர் வினவினார்.

“என் அப்பா.”

“அவருக்குப்பின்?”

நண்பர் விளக்கைப் பார்த்தவாறு இருந்தார். முதியவரும் வற்புறுத்தவில்லை, தம் மகன் உதயப்பூரில் உணவு விடுதியொன்றில் பணிபுரிகின்றான் என்று மட்டும் சொல்லி, மீண்டும் வில்லை எடுத்தார். யாம் கொடுத்த ஆயிரம் ரூபாயைத் திரையின் முன் வைத்து வணங்கியபின்னரே மடித்துக்கொண்டார். மூன்றாம் இரவு வாணவேடிக்கை, யாம் செல்லவில்லை. நண்பர் ஊருக்குத் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தார். தந்தையார் ஒவ்வோர் அடியாகச் சொல்ல, இவர் இரயில்வே கால அட்டவணையின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவ்வாண்டு ஆடி அமாவாசைக்கு நண்பர் ஊர் சென்றார்; வில்லின் பின்னே அமர்ந்து குடம் அடித்தார். பாட விடவில்லையாம், அதுவும் முறைதான். அதன்பின் ஆண்டுதோறும் செல்கின்றார். பத்து நாள் விடுப்பில் நான்கு நாள் இரயிலிலேயே கழிகின்றது; எஞ்சிய நாள்களிற் கற்பதே கல்வி. இப்பொழுது முத்துப்பட்டன் கதையில் மணநாள் வரை அவருக்குப் பாடம். மிச்சம் தந்தையாரின் நினைவில் உள்ளது. பெரியவருக்கு அகவை 79. பேச்சு இன்னும் தெளியவில்லை. இவ்வாண்டு ஆடிக்குரிய விடுப்பு விண்ணப்பத்தை யாமே எழுதிக்கொடுத்தோம். கையொப்பமாகி வரவேண்டும்.