பின்னோக்கி நடக்கும் பாதங்கள்

டாங்கோ என்றதும் சிவப்பு உடையும் பற்களிடையே ரோஜாப்பூவும் உங்கள் நினைவுக்கு வருமானால், அந்தச் சித்திரத்தைச் சற்று ஒதுக்கிவையுங்கள். அது திரைப்படத்துக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரியோ தெ லா பிளாட்டா ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள புவனோஸ் ஐரிஸ், மொந்தெவிதேயோ நகரங்களின் எளிய குடியிருப்புகளில், பிழைப்புத் தேடி வந்த ஐரோப்பியரும் அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் சந்ததியாரும் கலந்து வாழ்ந்த இடத்தில் பிறந்த நடனம் அது. அதன் அடிப்படை வெறும் நடைதான்.

புவனோஸ் ஐரிஸில் பணிபுரியும் எங்கள் மகள், எங்கள் இருவரையும் அங்கே ஒரு பயிலரங்கில் சேர்த்துவிட்டாள். இந்த வயதில் நடனமா என்று நீங்கள் புன்னகைக்கலாம். முந்தைய ஆண்டு மாடிப்படியில் விழுந்த நாள்முதல் என் மனைவி தரையை நம்பாதவளாய் இருந்தாள். எலும்பு கூடிற்று, அச்சம் நீங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுத்தொட்டு நடந்தாள். டாங்கோவிலோ, பின்தொடர்பவர் பெரும்பாலும் பின்னோக்கியே நடக்கவேண்டும்!

முன்நடத்துபவர் தள்ளுவார் என்றுதானே எண்ணுகிறீர்கள்? இல்லை. அவர் தம் உடலின் பாரத்தை மெல்ல மாற்றி, மார்பின் அசைவால் ஒரு திசையை முன்வைக்கிறார், அவ்வளவே. பின்தொடர்பவர் காலைப் பின்னே நீட்டி, தரையைத் தடவி அறிந்து, அதன்மேல் பாரத்தை வைக்கிறார். அவர் விட்டுச்சென்ற இடத்தில்தான் மற்றவர் பாதம் பதியவேண்டும். அடுத்து ‘குருசாதா’: அவருடைய இடக்கால் வலக்காலின் முன்னே குறுக்காக வந்து நிற்கும். அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் குற்றமில்லை. டாங்கோவில் நிற்பதும் நடனமே. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அரங்கம் முழுவதும் இடஞ்சுழியாக நகர்கையில், அவளுடைய முதுகுப்புறத்தைப் பார்த்துக்கொள்வது என் கண்களின் பொறுப்பு. முதல் வாரம் அவள் என் தோளைப் பற்றியிருந்த பிடியில் சட்டை கசங்கிற்று.

வால்ஸ் வேறு வகை. மூன்று தட்டுகளில் முதலாவதற்கு அடியெடுத்துவைத்தால், மற்ற இரண்டும் நம்மைச் சுமந்துசெல்லும். நினைத்த இடத்தில் நிற்பது இதில் கடினம்; ஆகையால் அவளுக்கு இது ஒத்துவராது என்றே ஆசிரியை எண்ணினார். நடந்ததோ நேர்மாறு. தயங்குவதற்கு வால்ஸ் அவகாசம் தருவதில்லை அல்லவா?

அன்று ஒலித்தது, மொந்தெவிதேயோவில் பிறந்த ரோசிட்டா மெலோ தம் இளம்பருவத்தில் இயற்றிய ‘தெஸ்தே எல் அல்மா’. ‘ஆத்துமாவிலிருந்து’ என்பது அதன் பொருள். நான் அவள் காதருகே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவது சுற்றில் அவள் பிடி தளர்ந்தது.

“நீங்க எண்ண வேண்டாங்க,” என்றாள். “எனக்கே கேக்குது.”