அப்பத்தாவுக்கு ஒரு சீட்

கேம்பிங் என்றதும் கூடாரம், கிடார், கொடைக்கானல் குளிர் என்று கற்பனையை ஓட விடாதீர்கள் மக்களே. நான் சொல்வது நம்ம ஊர் கேம்பிங். குலதெய்வக் கோயிலுக்கு வண்டியில் போய், ராத்திரி தார்ப்பாய்க்கு அடியில் படுத்து, விடிந்ததும் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்புவது.

எங்கள் வண்டி மாருதி ஆம்னி. கம்பெனி 2019-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. நீளம் 3.37 மீட்டர். ஆட்கள் ஐந்து பேர். சாமான்... அதை மட்டும் கேட்காதீர்கள்! வருஷா வருஷம் கிளம்பும்போது யாராவது ஒருத்தர், "இடம் பத்தாது, அப்பத்தா வீட்லயே இருக்கட்டும்" என்பார்கள். அப்பத்தாவுக்கு முட்டி வலி, காலை நீட்டாமல் மூணு மணி நேரம் உட்கார முடியாது. ஆனால் படையலில் எதற்கு அப்புறம் எது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் இந்த வருஷம் சாமான் ஏற்றும் பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன். பி.காம். படிப்புக்கு வீட்டில் கிடைத்த முதல் வேலை :-)

முதலில் பட்டியல். காஸ்ட் அக்கவுண்டிங்கில் சரக்கை வைட்டல், எசென்ஷியல், டிசையரபிள் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். பூஜை சாமான், அப்பத்தாவின் மாத்திரை, டார்ச் முதல் ரகம். அரிசி, பாத்திரம் இரண்டாவது. தம்பியின் கேரம் போர்டும், அம்மாவின் "எதுக்கும் இருக்கட்டும்" பையும் மூன்றாவது. மூன்றாவது ரகம் வண்டி ஏறாது. அங்கேயே கிடைக்கிற விறகும் தண்ணீரும் ஏறாது. ஒரு தண்ணீர் கேன் என்றாலே 20 கிலோ.

அடுத்து, எந்தப் பாத்திரமும் காலியாகப் பயணம் செய்யக்கூடாது. பெரிய பானைக்குள் சின்னது, அதற்குள் துணிப்பையில் கட்டிய அரிசி, பருப்பு. மாற்றுத் துணியைத் தலையணை உறையில் திணித்துவிட்டால் தனியாகத் தலையணை வேண்டாம். சூட்கேஸுக்குத் தடா. துணிப்பை என்றால் எந்த இடுக்கிலும் நுழையும்.

கனமானதெல்லாம் கீழே, பின்சீட்டை ஒட்டி. மேலே கேரியரில் பாயும் தார்ப்பாயும் மட்டும். உச்சியில் கனம் ஏறினால் வளைவில் வண்டி ஆடும். ஆம்னிக்கு இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் அந்தப் பக்கம் சூடமும் பூமாலையும் போகக்கூடாது.

கடைசியாக லைஃபோ. அதாவது கடைசியில் உள்ளே போனது முதலில் வெளியே. சரக்கு மதிப்பீட்டுக்கு நம் நாட்டுக் கணக்கியல் விதிகள் இதை ஒத்துக்கொள்வதில்லை. வண்டிக்கு இதுதான் சட்டம்! இறங்கியதும் தேவைப்படும் விளக்குமாறு, ஜமுக்காளம், டார்ச் மூன்றும் கடைசியில்தான் ஏறின.

எல்லாம் ஏறின பிறகு பின்சீட்டுக்கு முன்னால் தரை முழுக்கக் காலி. அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து, வழி நெடுகப் படையல் முறையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். அடுத்த வருஷப் பட்டியலில் வைட்டல் என்ற தலைப்பின் கீழ் முதல் வரி அந்த நோட்டு. இரண்டாவது வரி, அப்பத்தாவின் சீட்.