மச்சுப் பலகை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர்கள் என் அறைக்கு வந்து நின்றபோது, சங்கப் பாடல்களில் ஒரு துறையைப் பற்றியோ சீறாப்புராணத்தின் ஒரு படலத்தைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். நான் எழுத எடுத்துக்கொண்டதோ வீட்டுத் தளத்திற்கு மரம் தேர்ந்தெடுப்பது பற்றி. தமிழாசிரியன் எழுதத் தகுந்த பொருளா இது என்று மூத்தோர் சிலர் முகம் சுளிக்கலாம். வகுப்பறைக்கு வெளியே நான் ஒழுங்காகக் கற்ற பாடம் இது ஒன்றே. அதற்கு நான் கட்டிய கட்டணமும் சிறிதன்று.

எங்கள் வீடு கடலோர ஊர் ஒன்றில் உள்ளது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்மக்களுக்கு உரியது. ஆதலால் அது உம்மாவின் வீடு. இரங்கூனில் கடை வைத்திருந்த அவருடைய தந்தையார், 1930களில் கப்பலேற்றி அனுப்பிய தேக்குப் பலகைகளைக் கொண்டு மேல்மாடிக்குத் தளம் போட்டார். கீழே ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பனஞ்சட்டங்கள். அவற்றின்மேல் ஓரங்குலக் கனத்தில் தேக்கு. அதைத்தான் நாங்கள் மச்சு என்போம். 1942இல் சப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது பாட்டனார் கடையை அப்படியே விட்டுவிட்டு ஆயிரக்கணக்கானவரோடு நடந்தே தாயகம் திரும்பினார். பர்மாவில் ஈட்டியவற்றுள் எஞ்சியது அந்தத் தளம் மட்டுமே என்று உம்மா சொல்வதுண்டு. நாள்தோறும் விடிந்ததும் மச்சின் கிழக்குச் சன்னலோரம் போய் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது அவர் வழக்கம்.

2015ஆம் ஆண்டின் பருவமழையில் ஓட்டுக்கூரை ஒழுகி, மேற்குப் பாதியின் பலகைகள் உளுத்துப்போயின. வெளிநாட்டிலிருந்த காக்கா, மரத்தை முழுவதும் எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டு ஓடு பதித்துவிடலாம் என்றார். நான்கு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ எடை கொண்டது. ஓரங்குலத் தேக்கோ 16, 17 கிலோதான். பனஞ்சட்டமும் பழைய சுண்ணாம்புச் சுவரும் அந்தச் சுமையைத் தாங்கா என்று பொறியாளர் ஒருவர் சொன்னதும் காக்கா இறங்கி வந்தார். ஆனால் மகளின் திருமணத்திற்குள் வேலை முடிய வேண்டும் என்றார். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் குடும்பத்திற்கு வழிவழியாக மரவேலை செய்துவந்த முதிய ஆசாரியார் ஒருவரை அழைத்துக் கேட்டேன். “பலகையை வாங்கி இந்த மச்சிலேயே அடுக்கிப் போடுங்க சார். ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்க்கட்டும். அப்புறம் அடிக்கலாம்” என்றார். திருமணத்திற்கு நான்கு மாதமே இருந்தது. நான் அவரை விட்டுவிட்டு, நகரத்து ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் போனேன். பளபளவென்று மெருகேற்றிய பலகைகளைக் காட்டி, “முதல்தரத் தேக்கு” என்றார் அவர். விலையும் மலிவு. 2017ஆம் ஆண்டு கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே, பலகைகளை இடைவெளியின்றி நெருக்கி ஆணி அடித்துத் தளத்தை முடித்துவிட்டார். திருமணத்திற்கு வந்தவர்கள் எல்லாரும் மச்சைப் பார்த்து மெச்சினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

சித்திரை வெயிலில் பலகைகள் சுருங்கின. ஆறங்குலப் பலகைகளுக்கிடையே ஒரு நூலுக்கு மேல் இடைவெளி கண்டது. சில பலகைகள் ஓடம்போல் குழிந்து விளிம்பு தூக்கின. ஓரிடத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டு பலகைமுனை அரையங்குலம் மேலெழுந்தது. நான் அதைப் பார்த்தேன். விடுமுறையில் சரிசெய்யலாம் என்று இருந்துவிட்டேன். வைகாசியில் ஒரு விடியற்காலை உம்மாவின் கால்விரல் அந்த முனையில் இடறியது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 78.

மருத்துவமனையில் அறுவை நடந்தது. பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் உம்மா ஒரே விடையைத்தான் சொன்னார்: “துப்பட்டி கால்ல சுத்திக்கிச்சு. என் கவனக்குறைவுதான்.” பலகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. காக்கா தொலைபேசியில் கேட்டபோதும் அதேதான். தனித்திருந்தபோது நான் பேச வாயெடுத்தேன். “நீ சாப்பிட்டியா வாப்பா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் மரத்தைக் கற்கத் தொடங்கினேன். ஆசாரியாரிடம் திரும்பப் போனேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, பிடுங்கிய பலகை ஒன்றை எடுத்து அதன் வெட்டுமுகத்தைக் காட்டினார். பலகையில் பாதி, வெளிர் மஞ்சள் நிறம். “தேக்குதான் சார், பொய் இல்லை. ஆனா வயசு பத்தாத மரம், பாதி வெள்ளை. வைரம் பாயலை” என்றார். எனக்கு நாணமாக இருந்தது. தொல்காப்பிய மரபியலை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் ஆசிரியர் பகுத்திருப்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியிருக்கிறேன். அந்தப் பகுப்பின்படி பார்த்தால் எங்கள் மச்சில் கீழே தாங்கும் பனை புல். மேலே கிடக்கும் தேக்கே மரம். தேக்கின் பெருமை எல்லாம் அந்த அகவயிரத்தில்தான். கறையானை அண்டவிடாத பொருளும் எண்ணெய்ப்பசையும் அங்கேதான் தங்கியுள்ளன. வெளிறோ வேறெந்த மட்ட மரத்தையும்போல் உளுக்கும். காழ், வெளிறு என்னும் சொற்களை அறிந்திருந்தேன். கடையில் எதிரே கிடந்தபோது அவற்றை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஈரத்தைப் பற்றியும் அவரிடமே கற்றேன். பின்னர் நூல்களில் சரிபார்த்தேன். அறுத்த மரம் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்திற்கேற்ப ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாகவே இருக்கிறது. நீளவாக்கில் அது ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. அகலவாக்கில் சுருங்கும், அதிலும் ஆண்டுவளையத்தை ஒட்டிய திசையில், வளையத்தைக் குறுக்கிடும் திசையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். ஆதலால் வெட்டுமுகத்தில் வளையக்கோடுகள் செங்குத்தாக நிற்கும் பலகை தளத்திற்கு ஏற்றது. கோடுகள் வில்லாக வளைந்து கிடக்கும் பலகை குழியும். ஈரமானியை மரத்தில் குத்திப் பார்த்தால் எங்கள் ஊர்க் காற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு வரை காட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் விட்டுப்போன மிச்சப் பலகைகள், ஓராண்டு ஆகப்போகும் நிலையிலும் அதைவிட மிகுதியாகவே காட்டின.

வேறு மரங்களையும் எண்ணிப் பார்த்தேன். வேங்கை வலியது, கறையானுக்கும் எளிதில் இடங்கொடாதது. ஆனால் வேங்கைக் குவளையில் ஊற்றிய நீர் நிறம் மாறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கூரை மறுபடி ஒழுகினால் கீழே வெள்ளைச் சுவரெல்லாம் கறையாகும். வேம்பு கதவுக்கு ஆகும். அகலப் பலகையாக்கினால் முறுக்கும் என்று ஆசாரியார் தள்ளிவிட்டார். லேமினேட் என்று விற்பது மரத்தூளை அழுத்திச் செய்த அட்டையின்மேல் மரத்தின் படத்தை ஒட்டி மூடிய பொருள். விளிம்பில் நீர் இறங்கினால் உப்பும், உப்பியது வற்றாது, இழைத்துத் திருத்தவும் முடியாது. ஒட்டடுக்குப் பலகை அப்படியன்று. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தகடுகளின்மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் உண்மை மரம் இருக்கும்; சுருக்கமும் குறைவு. காக்கா பின்னர்ச் சென்னையில் வாங்கிய அடுக்ககத்திற்கு நானே அதைப் பரிந்துரைத்தேன். அங்கே அடியில் உலர்ந்த கான்கிரீட் இருக்கிறது. எங்கள் மச்சிலோ சட்டத்திற்குச் சட்டம் வெறும் வெளி. பலகையே ஆளைத் தாங்க வேண்டும். எந்த மரம் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம், அடியில் என்ன இருக்கிறது என்றுதான் நான் இப்போது முதலில் கேட்கிறேன்.

ஆகத் தேக்கேதான். ஆனால் எந்தத் தேக்கு? மியன்மா அரசு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் முழு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. பர்மாத் தேக்கு என்னும் பெயர் மட்டும் கடைகளில் நிற்கிறது. பெயருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோப்பாக வளர்த்து இளமையிலேயே வெட்டியது. கடைசியில் ஆசாரியாரும் நானும் காரைக்குடிக்குப் போனோம். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் உத்தரங்களும் கதவுகளும் அங்கே விற்பனைக்குக் குவிந்து கிடப்பதை அறிவீர்கள். இரண்டு நாள் அவர் ஒவ்வோர் உத்தரத்தையும் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஓரத்தைச் சீவி முகர்ந்தார். ஐந்து உத்தரங்கள் தேறின. அறுவை ஆலைக்காரர் பழைய ஆணிக்கு அஞ்சிப் பின்வாங்கினார். உடையும் வாளுக்கு விலை தருவதாகச் சொன்ன பிறகே அறுத்தார். இரண்டு வாள் போயிற்று.

பலகைகளை 2019ஆம் ஆண்டு மழைக்கு முன்பே மச்சில் ஏற்றி, இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்கினோம். 2020ஆம் ஆண்டு மாசியில் தளம் போட்டார். உப்புக்காற்றுக்காகப் பித்தளைத் திருகாணி. சுவரோரம் அரையங்குல இடைவெளி. அதை மறைக்க மேலே ஒரு பட்டை. பாட்டனாரின் பலகைகளில் பதினொன்று பழுதின்றி இருந்தன. அவற்றை எங்கே பதிப்பது என்று ஆசாரியார் கேட்டார். கிழக்குச் சன்னலோரம் என்றேன். பளபளப்பு வேண்டாம் என்று வார்னிஷைத் தவிர்த்து ஆளிவிதை எண்ணெய் பூசினோம். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றும். நனைத்து விரித்துக் காயவிட வேண்டும். இதையும் அவர்தான் சொன்னார்.

படியேற உம்மாவால் இயலவில்லை. ஒரு காலை பேரப்பிள்ளைகள் நால்வர் அவரை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, வெறுங்காலைத் தளத்தில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தார். புதிய பலகை முடிந்து பழைய பலகை தொடங்கும் இடத்தில் கால் நின்றது.

“வழுக்காதே?” என்று கேட்டார்.

“வழுக்காது உம்மா. எண்ணெய்தான் போட்டிருக்கு.”

“சரி. அந்தச் சன்னலைத் திற” என்றார்.