ஒரே எண்ணெய், இரண்டு தலைகள்

இருக்கும்போது யாரும் கண்டுகொள்ளாத பொருள் ஒன்று உண்டென்றால் அது தலைமுடிதான். சீப்பில் நாலு முடி கூடுதலாக வந்துவிட்டால் போதும், தூக்கம் போய்விடும்! இது அப்படித் தூக்கம் தொலைத்த இரண்டு நண்பர்களின் கதை. கூடவே, முடி ஏன் கொட்டுகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்ற கதையும்.

மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதி. ஒரு அறையில் இரண்டு பேர். விடுதியில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை, ஊர்ப்பெயர்தான். எனவே ஒருவன் கோவில்பட்டி, இன்னொருவன் தேனி.

2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டையே டெங்கு ஆட்டிப் படைத்தது பலருக்கும் நினைவிருக்கும். தெருவுக்குத் தெரு நிலவேம்புக் குடிநீர் கொடுத்த காலம். அந்த அக்டோபரில் கோவில்பட்டியும் படுத்தான். ஒரு வாரம் ஆஸ்பத்திரி, டிரிப்ஸ், தினமும் ரத்தப் பரிசோதனை. அம்மா கொடுத்த பப்பாளி இலைச் சாற்றையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். ஒரு வழியாகத் தேறி, உடம்பு இளைத்து விடுதிக்குத் திரும்பினான். செமஸ்டர் தேர்வு வந்தது, போனது. காய்ச்சலை எல்லோரும் மறந்தே போனார்கள்.

2018 பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது ஆரம்பித்தது. தலையணையில் முடி. குளியலறை ஜாலியில் முடி. சாம்பார் தட்டில் முடி. தலையைக் கோதினால் கை நிறைய முடி. நுனியில் வெள்ளையாகச் சின்ன முண்டு வேறு. "வேரோட வருதுடா மாப்ள, இனிமே முளைக்கவே முளைக்காது" என்று அவன் அழாத குறை.

அறையில் பஞ்சாயத்து கூடியது. போர் தண்ணி உப்பு, அதுதான் காரணம் என்றான் ஒருவன். ஹெல்மெட் என்றான் இன்னொருவன். ஷாம்பு, மெஸ் சாப்பாடு, ராத்திரி முழிப்பது என்று ஆளுக்கொரு தீர்ப்பு. கடைசியில் சீனியர் ஒருவர் ஒரு எண்ணெயைச் சொன்னார். 21 மூலிகைகள், பாட்டில் 450 ரூபாய். பிப்ரவரியில் வாங்கித் தேய்க்க ஆரம்பித்தான்.

தேனியும் பாதிக்காசு போட்டான். அவன் கவலை வேறு மாதிரி. அவனுக்குக் கைநிறையக் கொட்டவில்லை. ஆனால் பிளஸ் டூ படிக்கும்போதிருந்தே நெற்றியின் இரண்டு ஓரமும் மெல்ல மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அப்பாவுக்கும் வழுக்கை, தாய்மாமனுக்கும் வழுக்கை. இரண்டு பேரும் ஒரே பாட்டிலில் இருந்து தினமும் தேய்த்துக்கொண்டார்கள்.

மே மாதம் கோவில்பட்டியின் நெற்றி ஓரத்தில் பூனை முடி மாதிரி புது முடி எட்டிப் பார்த்தது. மூன்றாம் வருடம் தொடங்கி ஓடியபோது தலை பழையபடி. அவ்வளவுதான், எண்ணெய்க்கு விடுதி முழுவதும் புகழ்! மூன்றாம் மாடியில் மட்டும் ஒரே வாரத்தில் பன்னிரண்டு பாட்டில்.

தேனிக்கு ஒன்றும் முளைக்கவில்லை. "உனக்குக் கொஞ்சம் லேட்டா வரும்டா. விடாம தேய்" என்று தைரியம் சொன்னவன் கோவில்பட்டிதான். தேனியும் விடாமல் தேய்த்தான், கிட்டத்தட்ட இரண்டு வருடம். ஊரில் அம்மா, "பழனிக்குப் போய் ஒரு மொட்டை போட்டுட்டு வாய்யா, அடர்த்தியா வளரும்" என்றார். அதையும் செய்தான். வளர்ந்தது, முன்பு இருந்த இடத்தில் மட்டும். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாகும் என்பது கண்ணின் ஏமாற்று. வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தெரிகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்காலுக்கு மேலே சவரக்கத்தி ஓடியதே தெரியாது.

கடைசி வருடத்துக்குள் தேனி ஆளே மாறிவிட்டான். எப்போதும் தொப்பி. குரூப் போட்டோ என்றால் காணாமல் போவான். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்று மூன்றாம் வருடத்தில் எடுத்த படத்தையே தேடினான். 2019 டிசம்பரில் ஒருநாள் இரவு சொன்னான்: "அக்காகிட்ட நாப்பதாயிரம் கேட்டிருக்கேன்டா. முடி நடப் போறேன். ஒருத்தன் சீப்பா பண்றானாம். ஒரே நாள்ல முடிஞ்சுருமாம்."

அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. மாமா வாங்குகிற சம்பளத்தில் நாற்பதாயிரம் என்பது சின்னத் தொகை அல்ல. கோவில்பட்டிக்கு மனசு உறுத்தியது. எண்ணெயைச் சிபாரிசு செய்தவன் அவன்தானே! "பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்கு வா. பத்து பைசா செலவில்லை" என்று இழுத்துக்கொண்டு போனான்.

தோல் நோய்ப் பிரிவில் நீண்ட வரிசை. டாக்டரம்மா தேனியின் தலையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். கொஞ்சம் முடியை விரல்களுக்கு இடையில் பிடித்து மெதுவாக இழுத்தார். ஒன்றிரண்டுதான் வந்தது. வீட்டில் யாருக்கு வழுக்கை என்று கேட்டார். பக்கத்தில் நின்ற கோவில்பட்டி சும்மா இருக்காமல், "மேடம், எனக்கும் பயங்கரமா கொட்டுச்சு. ஒரு எண்ணெய் தேய்ச்சேன், எல்லாம் திரும்ப வந்துருச்சு. இவனுக்கு மட்டும்தான் கேக்கல" என்றான்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி.

"கொட்ட ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி உனக்குப் பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சா தம்பி?"

கோவில்பட்டிக்குப் பேச்சே வரவில்லை.

முடியின் கணக்கு

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளரும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பிறகு வளர்ச்சியை நிறுத்திச் சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு விழும். அதே மயிர்க்காலில் இருந்து அடுத்த முடி கிளம்பும். இதனால் தினமும் 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. நுனியில் தெரியும் அந்த வெள்ளை முண்டு வேர் அல்ல. ஓய்வு முடிந்த முடியின் அடிப்பகுதி அது. மயிர்க்கால் பத்திரமாகத் தோலுக்குள்ளேயே இருக்கிறது.

டெங்கு, டைஃபாய்டு, கொரோனா போன்ற கடுமையான காய்ச்சலோ, அறுவை சிகிச்சையோ, பட்டினி டயட்டோ, பிரசவமோ வந்தால் உடம்பு ஏராளமான முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். ஆனால் அவை உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக விழும். அதற்குள் காய்ச்சல் மறந்து போயிருக்கும், பழி போர் தண்ணி மேல் விழும்! "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. குழந்தை சிரிப்பதற்கும் முடிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மூன்று மாதம் என்ற கணக்கு மட்டும் அச்சாகப் பொருந்துகிறது.

இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும், முடியும் திரும்ப வரும். எண்ணெய் தேய்த்தாலும் வரும், தேய்க்காவிட்டாலும் வரும். கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் பயந்து பாட்டில் வாங்குகிறோம். பாட்டில் தீரும்போது முடி முளைக்கிறது. பெயர் எண்ணெய்க்குப் போய்விடுகிறது.

தேனியின் தலை

தேனிக்கு இருந்தது பரம்பரை வழுக்கை. ஆண்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறுகிறது. சிலருடைய முன்தலை, உச்சந்தலை மயிர்க்கால்களுக்கு இது ஆகாது. ஒவ்வொரு சுற்றிலும் மயிர்க்கால் கொஞ்சம் சுருங்கும், முடி மெலியும், கடைசியில் கண்ணுக்கே தெரியாது. பின்தலை முடிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. தாய்மாமன் தலையைப் பார்த்தால் போதும் என்பார்கள். அது பாதி உண்மை. அம்மா வழியில் வரும் ஒரு மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு, ஆனால் அப்பா வழியிலும் வரும்.

இது தவிர வேறு காரணங்களும் உண்டு. காசு அளவில் வட்டமாக முடி போனால் அது புழுவெட்டு. அதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதுதான் அது. இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் உதிர்வைக் கொண்டுவரும். பெண்களுக்கு இதை முதலில் பார்க்க வேண்டும். ரொம்ப இறுக்கிப் பின்னினாலும் நெற்றியோரம் முடி போகும். குழந்தைகளுக்குப் பூஞ்சைத் தொற்றால் தலையில் செதில் உதிர்ந்து முடி போகும். உப்புத் தண்ணியால் முடி வறண்டு உடையலாம், வழுக்கை விழாது. பாவம், ஹெல்மெட்டும் நிரபராதி!

என்ன செய்யலாம்?

பரம்பரை வழுக்கைக்கு நிரூபிக்கப்பட்ட மருந்துகள் மிகக் குறைவு. ஒன்று மினாக்ஸிடில். முதலில் இது ரத்தக் கொதிப்பு மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர, தலையில் தடவும் மருந்தானது. 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் சில வாரம் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. நாலு முதல் ஆறு மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும். நிறுத்தினால் வந்தது போய்விடும்.

இன்னொன்று ஃபினாஸ்டிரைடு மாத்திரை. வழுக்கைக்காக 1997-இல் அங்கே அனுமதிக்கப்பட்டது. ஹார்மோன் மாற்றத்தையே குறைக்கும். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகள் வரலாம். கர்ப்பிணிகளோ கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களோ உடைந்த மாத்திரையைக் கையால் தொடவே கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் நண்பன் சொன்னான் என்று விழுங்கும் மாத்திரை அல்ல இது.

புழுவெட்டு பலருக்குத் தானாகவே சரியாகும். இல்லாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். கடுமையாக இருந்தால் பாரிசிடினிப் என்ற மாத்திரையும் உண்டு, 2022-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றது.

முடி நடுவது என்றால் பின்தலை முடியை எடுத்து முன்னால் வைப்பது. புதிதாக ஒரு முடியும் உருவாவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறார்கள். இருபது வயதில் நட்டுவிட்டால், சுற்றியுள்ள பழைய முடி பின்னால் போகப் போக நட்டது மட்டும் தீவு மாதிரி நிற்கும். நல்ல இடத்தில், நல்ல டாக்டர், உரிய வயதில் செய்தால் நல்ல சிகிச்சைதான். ஆனால் அது அறுவை சிகிச்சை என்பதை மறக்கக் கூடாது. 2016-இல் சென்னையில் முடி நடப் போன ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார். தகுதியான டாக்டர்கள் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

சட்டத்திலும் ஒரு சுவாரசியம் உண்டு. இந்திய மருந்து விதிகளில் 'ஜெ' அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. அதில் உள்ள நோய்களைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. வழுக்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! அதனால்தான் பாட்டிலில் "உதவும்", "ஊட்டமளிக்கும்" என்று பட்டும் படாமல் எழுதியிருக்கும். எண்ணெய் தேய்ப்பது தவறில்லை. முடி உடையாமல் மினுமினுப்பாக இருக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பதுதான் தவறு.

பிறகு?

ஆஸ்பத்திரியில் இருந்து பஸ் ஸ்டாண்ட் வரை இருவரும் பேசவில்லை. "நான்தான்டா உன் ரெண்டு வருஷத்தை வீணடிச்சேன்" என்றான் கோவில்பட்டி. "விடுடா, தேய்ச்சது நான்தானே" என்றான் தேனி. சுருங்க ஆரம்பித்த மயிர்க்காலைச் சீக்கிரம் கவனித்தால் காப்பாற்றலாம். முழுதாகப் போன பிறகு மருந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அந்த இரண்டு வருடத்தின் விலை 450 ரூபாய் பாட்டில்கள் மட்டும் அல்ல.

அக்காவிடம் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அக்காவும் அப்போது தனக்கும் கொத்துக் கொத்தாகக் கொட்டுவதாகப் புலம்ப, "குழந்தைக்கு நாலு மாசம்தானே ஆகுது? தானா நின்னுரும்க்கா. எதுக்கும் ரத்தம் மட்டும் டெஸ்ட் பண்ணிப் பாரு, எண்ணெய் எதுவும் வாங்காதே" என்று டாக்டர் மாதிரிப் பேசினான்.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மினாக்ஸிடிலை ஒரு வருடம் ஒழுங்காகத் தடவினான். உச்சந்தலையில் கொட்டுவது நின்றது. நெற்றி ஓரம் திரும்பவில்லை. ஒருநாள் சலூனில் ஒட்ட வெட்டச் சொன்னான். தொப்பியைக் கழற்றி அலமாரியில் வைத்தான். இப்போது போட்டோவில் முன்வரிசையில் நிற்கிறான்.

கோவில்பட்டிக்கு இன்றும் ஜூனியர்களிடம் இருந்து போன் வரும். "அண்ணே, முடி கொட்டுது, அந்த எண்ணெய் பேரு என்னண்ணே?"

அவன் எண்ணெய்ப் பெயரைச் சொல்வதில்லை. "எப்போ இருந்து கொட்டுது? அதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சா? உங்கப்பா தலை எப்படி இருக்கும்?" என்று மூன்று கேள்வி கேட்கிறான்.

நண்பர்களே, முடி கொட்டினால் கடைக்குப் போகும் முன் அந்த மூன்று கேள்விகளை நீங்களும் உங்களைக் கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.