ஒரு குவாட்டர் மேட்டர்

தலைப்பைப் பார்த்துவிட்டு ஆவலோடு ஓடிவந்த அன்பர்கள் மன்னிக்கவும். புதுச்சேரிக்காரன் குவாட்டர் என்றால் அது ஒன்றுதானா? :-) இது கார் கதவில் இருக்கிற குவாட்டர். பழைய அம்பாசடரில் முன்கதவுக் கண்ணாடிக்கு முன்னால் தனியாக ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்குமே, கொக்கியைத் திருகித் தள்ளினால் குட்டிக் கதவு மாதிரி திறக்குமே, அதேதான். பிரெஞ்சில் 'தெஃப்லெக்தர்' என்பார்கள். எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்குக் குவாட்டர் கிளாஸ்.

எங்கள் வீடு சேதராப்பட்டில். பிப்டிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அப்பா இருபது வருடமாக டிரைவர். கம்பெனி தன் பழைய மார்க் 4 டீசல் அம்பாசடரைக் கழித்துக்கட்டியபோது அப்பா அதை வாங்கிக்கொண்டார். வாரம் முழுக்க அடுத்தவர் வண்டி, ஞாயிற்றுக்கிழமை சொந்த வண்டி. அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து மயிலம் கோயிலுக்குப் போய்வருவதுதான் அவருடைய பெரிய சந்தோஷம்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். அந்தத் திமிரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அமெரிக்காவில் பழைய செவர்லே பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் இந்த முக்கோணத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவு முழுக்க ஒரே கண்ணாடி போடுகிறார்கள். கிட்டாகவே விற்கிறது. வீடியோவில் பார்த்தால் அவ்வளவு அழகு. எங்கள் வண்டியிலோ குவாட்டர் ரப்பர் வெடித்து, மழை பெய்தால் டோர் பேடு ஊறிப்போகும், அறுபதில் போனால் விசிலடிக்கும். ஒரிஜினல் ரப்பரைத் தேடிச் சலித்துவிட்டேன்.

"செய்டா. ஆனா மொதல்ல இடது பக்கம். ஓட்டுற பக்கம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அந்த 'அப்புறம்'-இல் இருந்த அர்த்தம் அப்போது புரியவில்லை.

கொஞ்சம் வரலாறு. (கொசுவத்தி சுத்தலாம், இரண்டே நிமிடம்.) 1933 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு இதை 'நோ டிராஃப்ட்' என்ற பெயரில் கொண்டுவந்தது. லேசாகத் திறந்தால் வெளியே ஓடும் காற்று உள்ளே இருக்கும் புகையை உறிஞ்சி எடுக்கும். முழுக்கத் திருப்பினால் அதுவே முறம் மாதிரி காற்றை அள்ளி உள்ளே கொட்டும். 1964-இல் ஃபோர்டு கார்ட்டினாவில் டேஷ்போர்டு வழியாகக் காற்று வந்து பின்பக்கம் வெளியேறும் ஏற்பாடு வந்தது. 1968 கமாரோவில் முக்கோணத்தையே எடுத்துவிட்டார்கள். கவனியுங்கள் மக்களே, காற்றுக்கு வேறு வழி செய்துவிட்டுத்தான் எடுத்தார்கள். நான் அந்த வரியைப் படித்தேன். படித்தும் தாண்டிப் போய்விட்டேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். டிங்கர் அண்ணனும் நானும் டோர் பேடைக் கழற்றினோம். முக்கோணத்துக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கம்பிச் சட்டம் நிற்கிறது அல்லவா, அது அலங்காரம் இல்லை. பெரிய கண்ணாடியின் முன்விளிம்பு ஏறி இறங்குகிற சேனலே அதுதான். அதை எடுத்துவிட்டால் முன்பக்கம் பிடிமானம் கிடையாது. முன்தூணோ சாய்வானது. சாய்வான விளிம்புள்ள கண்ணாடி நேராக இறங்கும்போது தூணின் சேனலை விட்டு விலகிவிடும். ஆக, கதவுக்குள்ளே தனியாக ஒரு குட்டிச் சேனல் வைக்க வேண்டும். கண்ணாடி அகலமாவதால் எடையும் முன்னால் நகர்கிறது. அதனால் கண்ணாடி மெஷினின் கை பிடிக்கும் இடத்தையும் நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் கோணிக்கொண்டு நிற்கும். எங்களுக்கு நின்றது. மூன்று முறை. பழைய சட்டத்தின் அடிக்கால் இடித்ததால் அண்ணன் அதைக் கிரைண்டரில் அறுத்துவிட்டார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அம்பாசடரின் கதவுக் கண்ணாடி தட்டையானது என்பது ஒரு புண்ணியம். அட்டையில் அச்சு வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர், "வீட்டு ஜன்னலுக்குப் போடுறதுல அஞ்சு எம்.எம். வெட்டித் தரேன் தம்பி, சாயங்காலமே வாங்கிக்கோ. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். டஃபன் செய்த கண்ணாடி என்றால் பத்து நாள், காசும் கூட. சாதாக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாக விழும். டஃபன் கண்ணாடி, அறுநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தது, உடைந்தால் கல்கண்டு மாதிரி உதிரும். மோட்டார் வாகன விதி 100-இன்படி வண்டியில் பாதுகாப்புக் கண்ணாடிதான் இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும், செமஸ்டரில் எழுதியிருக்கிறேன். இருந்தும் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. வீட்டுக்கு போன் போட்டேன்.

அப்பா விதி எதையும் பேசவில்லை. "அந்தப் பக்கம் ஒக்கார்றது ஒங்கம்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

பத்து நாள் காத்திருந்தேன். வந்த கண்ணாடி முன்மூலையில் மூன்று மில்லிமீட்டர் அதிகம். டஃபன் செய்த பிறகு வெட்டவும் முடியாது, தேய்க்கவும் முடியாது, தொட்டால் மொத்தமும் உதிர்ந்துவிடும். அட்டை அச்சில் ரப்பரின் கனத்தைக் கழிக்க மறந்தது நான்தான். இரண்டாவது கண்ணாடிக்கு டிரெய்னிங்கில் வந்த ஸ்டைபண்டு காலி. ஆனால் மாட்டி முடித்து ஏற்றி இறக்கிப் பார்த்தபோது... அடடா! வழவழவென்று ஏறியது. ஃபோட்டோ எடுத்து வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன், உங்களுக்கே தெரியும்.

கத்திரி வெயிலில் மயிலம் கிளம்பினோம். ஏ.சி. கிடையாது. திருவக்கரைப் பக்கத்திலிருந்து ஜல்லி டிப்பர்கள் வரிசையாக வந்தன. கண்ணாடியை இறக்கினால் தூசி முகத்தில், ஏற்றினால் அடுப்பு. முன்பெல்லாம் அம்மா பெரிய கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு முக்கோணத்தை மட்டும் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். காற்று நேராகக் கழுத்தில் விழும். கார் பயணம் என்றாலே அம்மாவுக்குக் குமட்டும், அந்தக் காற்றுதான் மருந்து. இத்தனை வருடம் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தவன் நான். அது ஒரு தடவைகூட மண்டையில் ஏறவில்லை.

பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். வாந்தி. பிறகு, "நீ முன்னாடி ஒக்காருப்பா, எனக்கு இங்கதான் சௌகரியம்" என்று பின்சீட்டுக்கு வந்துவிட்டார், அப்பாவுக்கு நேர் பின்னால். கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால், அப்பா தன் பக்க முக்கோணத்தை முழுக்க உள்ளே திருப்பி, காற்று தன்மேல் படாமல் தோளைத் தாண்டிப் பின்னால் போகிற மாதிரி வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். சட்டையெல்லாம் வியர்வை.

இடைச்செருகல்: ஆர்.சி.யில் உள்ளதை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கின்றன. கதவுக் கண்ணாடி அதில் வருமா என்று நண்பர்கள் ஆளுக்கொரு விதமாகப் பயமுறுத்துகிறார்கள். உண்மையைச் சொன்னால், நான் முடிவை மாற்றியது அதற்காக இல்லை.

போன வாரம் பரணில் நியூஸ்பேப்பர் சுற்றி வைத்திருந்த பழைய முக்கோணத்தை இறக்கினேன். "இன்னும் தூக்கிப் போடலியா அத?" என்று கேட்டுவிட்டு, அம்மா ஈரத்துணியால் துடைக்க உட்கார்ந்துவிட்டார். டிங்கர் அண்ணனோ, "அறுத்த காலுக்கு புதுசா பட்டை வெச்சு வெல்டு அடிக்கணும் தம்பி, ஒனக்கு இதே வேலையா?" என்று சிரிக்கிறார். வரும் ஞாயிறு டோர் பேடு மறுபடி கழறுகிறது.

அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. அந்தப் பெயரையே 2017-இல் பேஷோ 80 கோடிக்கு வாங்கிக்கொண்டது (கடைசியில் பிரெஞ்சுக்காரனிடமே போய்ச் சேர்ந்தது பாருங்கள்). ஆனால் ரப்பர் மட்டும் எவனிடமும் இல்லை. மார்க் 4 இடது பக்கக் குவாட்டர் ரப்பர் யாரிடமாவது கிடந்தால் பின்னூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.