பிழை உணர்தல்

சென்ற பருவத்தில் எம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு செய்யுளின் பாடவேறுபாடு குறித்து யாம் பேசினோம். முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, யாம் கொண்ட பாடம் பொருந்தாதென்றார். அவையோர் நகைக்கும்படி அவரை மறுத்து அமர்ந்தோம். இரண்டு நாள் கழித்துப் பழம்பதிப்பொன்றை நோக்கியபோது அவர் கூற்றே சரியெனக் கண்டோம். எனினும் வாய் திறந்திலோம்.

மூன்று வாரம் சென்றபின், ஓரிரவு, பௌதிகம் பயிலும் எம் அறைத்தோழர் மீக்கடத்திகளைப் பற்றிக் கூறினார். சில பொருள்கள் மிகக் குளிர்ந்தவிடத்து மின்சாரத்தைத் தடையின்றிச் செலுத்தும். 1911-ஆம் ஆண்டில் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் என்பார் பாதரசத்தில் இதனை முதலிற் கண்டார். எலெக்ட்ரான்கள் இவ்விரண்டாய் இணைதலே காரணமென்று 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்னும் மூவர் விளக்கினர். எலெக்ட்ரான் ஒவ்வொன்றிற்கும் தற்சுழற்சி என்னும் இயல்புண்டு. வழக்கமான மீக்கடத்திகளில் இணைந்த இரண்டின் சுழற்சியும் எதிரெதிராய் நின்று ஒன்றையொன்று அழிக்கும்.

1994-இல் ஜப்பானிய அறிஞர் மேனோ முதலியோர் ஸ்ட்ரான்ஷியம் ருத்தேனேட் என்னும் பொருளும் மீக்கடத்தியாதலைக் கண்டனர். அதன் இணைகள் எத்தகையன? இஷிடா முதலியோர் அதனைக் காந்தப்புலத்தில் வைத்து, வானொலி அலைத் துடிப்புகளால் அணுக்கருக்களைச் சோதித்தனர். சுழற்சிகள் அழியின் காந்த விளைவு குறைதல் வேண்டும், குறையவில்லை. ஆகவே இணைகளின் சுழற்சிகள் ஒருதிசைப்பட்டன என 1998-இல் வெளியிட்டனர். இருபதாண்டுக்கு மேலாக அம்முடிபு பெரிதும் போற்றப்பட்டது.

2019-இல் அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலீஸ் நகர ஆராய்ச்சியாளர் துடிப்புகளின் வன்மையைக் குறைத்துச் சோதித்தனர். காந்த விளைவு குறைந்தது! முன்னைச் சோதனையில் அத்துடிப்புகளே பொருளைச் சூடேற்றி, அதன் மீக்கடத்து நிலையைக் கெடுத்திருந்தன. உண்மையை அறியச் செலுத்திய கருவியே உண்மையை மறைத்தது.

இஷிடா முதலியோர் யாது செய்தனர்? தாமே மீண்டும் சோதித்து, சூடேறியது மெய்யென்றும் விளைவு குறைந்தது மெய்யென்றும் 2020-இல் அச்சிட்டனர். இஷிடாவின் பெயரே அக்கட்டுரையில் முதற்கண் நின்றது.

இதனைக் கேட்டபின் எமக்கு உறக்கம் வரவில்லை. எம் வாதத்தின் சூடும் அன்று ஒரு செய்யுளின் பொருளை மறைத்ததன்றோ? விடிந்ததும் அம்மாணவர் அறைக்குச் சென்று பழம்பதிப்பைக் காட்டினோம். அவர் வியந்திலர்.

"அன்று மாலையே பார்த்துவிட்டேன், அண்ணா. தாங்கள் சொல்வீர்கள் என்றிருந்தேன்" என்றார்.

அவரிடம் தனித்துச் சொன்னது போதுமென்றே எம் மனம் கூறியது. ஆயின் யாம் அவரை மறுத்தது அவை நடுவே. ஆதலின் அவையோர் பலரும் படிக்கும் இவ்விதழில் இதனை எழுதினோம்.