கொடி பிடித்தவன் சொல்கிறேன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனி அணிகளுக்குள் நடந்த ஒரு கால்பந்துப் போட்டி. பரிசளிப்பில் ரெஃப்ரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு மைக் பிடித்தவர், "அந்தக் கொடி பிடிச்ச தம்பிங்களுக்கும் ஒரு துண்டு போட்டு விடுங்கப்பா" என்றார். தம்பிக்கு வயது ஐம்பத்தெட்டு. மில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற இந்த வருஷமே கொடியையும் வைத்துவிடலாம் என்றிருந்தேன். வைப்பதற்கு முன் கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன்.

லைன்ஸ்மேனுக்குக் கண் கூர்மையாக இருந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கால்தான் முக்கியம். இரண்டாவது கடைசி ஆளுக்கு நேராக நிற்கத் தெரிந்தால் ஆஃப்சைடு தானாகத் தெரியும். (ஆஃப்சைடு என்றால் என்னவென்று நான் விளக்கப்போவதில்லை; தெரியாதவர் இவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டார்.) கோலை நோக்கி ஒரு கஜம் கூடுதலாக ஓடிவிட்டால், பேக்குக்கு அப்பால் ஓடுகிற ஃபார்வர்டு சமமாக இருந்தாலும் முந்திவிட்டவன் போலத் தெரிவான். பேக்குக்கு இப்பால், நம் பக்கமாக ஓடுகிறவன் நிஜமாகவே முந்தியிருந்தாலும் தப்பிவிடுவான். 2000-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பெரிய கண்டுபிடிப்பு என்று பேசப்பட்டது. எங்கள் மாஸ்டர் அதை வெகுகாலம் முன்பே, கெட்ட வார்த்தையோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் வியாசர்பாடிக்காரர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கொடியைக் கையில் கொடுக்க மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அதுவரை சுண்ணாம்புக் கோட்டோரம் குறுக்கு நடை மட்டும்தான். முகமும் நெஞ்சும் மைதானத்தைப் பார்க்க, கால் மட்டும் பக்கவாட்டில் போகவேண்டும். "பழவேற்காட்டு நண்டு போறதப் பாத்திருக்கியாடா? அப்படிப் போ" என்பார். பேக் நடந்தால் நடை, பேக் திரும்பி ஓடினால்தான் ஓட்டம். தோளைத் திருப்பிவிட்டு ஓடினால், அந்த ஒரு கணம் கோடு நம் கண்ணில் இல்லை என்று அர்த்தம்.

அடுத்தது காது. இந்த வேலையின் தீராத சங்கடம், பந்து ஒரு இடத்தில் உதைபடும், கோடு நாற்பது மீட்டர் தள்ளி இருக்கும், இரண்டையும் ஒரே கணத்தில் பார்த்தாகவேண்டும் என்பதுதான். கண்ணைப் பந்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்குள் ஃபார்வர்டு இரண்டு எட்டு போயிருப்பான். மாஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்று பந்தை உதைப்பார். 'டப்' என்று கேட்ட கணத்தில் கோட்டில் யார் எங்கே இருந்தார்கள் என்று நான் சொல்லவேண்டும். பந்தைப் பார்க்காதே, கேள் என்பது அவர் பாடம்.

கும்மிடிப்பூண்டியில் இந்தப் பாடம் எடுபடாது. ஜி.என்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் சங்கு ஊதினால் ரெஃப்ரியின் விசிலே கேட்காது. போதாக்குறைக்கு, சத்தம் நாற்பது மீட்டர் கடந்து வர ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு பிடிக்கும். வேகமாக ஓடுகிறவன் அதற்குள் ஒரு மீட்டர் போய்விடுவான். மாஸ்டரிடம் போய் முறையிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உதைக்கிற கால விடு. ஊன்றுற கால ஓரக்கண்ணுல பாரு" என்றார். பாஸ் கொடுக்கப்போகிறவன் பந்துக்குப் பக்கத்தில் மற்றக் காலை ஊன்றியே ஆகவேண்டும். ஊன்றினால் அடுத்த கணம் பந்து போகிறது. அந்த ஊன்றலைக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் உணர எனக்கு வருஷங்கள் ஆயின. இன்றைக்கும் முழுதாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

2018–19 ஐ-லீகை நான் இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். அதில் ஆடிய நம் அணிக்குச் சென்னை சிட்டி என்று பெயர், ஹோம் மைதானம் மட்டும் கோயம்புத்தூர். அதனால் வடசென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் டி.வி.யில்தான் பார்க்க முடிந்தது. டி.வி.யில் கிட்டத்து லைன்ஸ்மேன் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார். எதிர்ப்பக்கம் ஓடுகிறவர் சிறிதாகத் தெரிவார். நான் அவரைத்தான் பார்ப்பேன். வீட்டில் உள்ளவர்கள் கோலைப் பார்ப்பார்கள்.

சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்றுவித்த அணி அது. எங்கள் பக்கத்துக் கம்பெனி ஆட்டம் போலத் தூக்கி அடிக்கிற பேச்சே கிடையாது. சாண்ட்ரோவும் நெஸ்டர் கோர்டிலோவும் கொடுக்கிற த்ரூ பாஸில் சத்தமே இருக்காது, தள்ளிவிடுவதுதான். காதை நம்புகிற லைன்ஸ்மேன் அங்கே தொலைந்தான். முன்னால் பெட்ரோ மான்ஸி ஸ்டாப்பரின் தோளை உரசிக்கொண்டு நிற்பார். 2018 அக்டோபரில் இந்தியன் ஆரோஸை 4–1 என்று வென்று தொடங்கினார்கள். சீசன் முடிவில் மான்ஸி கணக்கில் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கை.

11 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டம். 2019 மார்ச் 9, கடைசி நாள், சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் முந்தைய சாம்பியன் மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கவுரவ் போரா, பேக் ஆடுகிறவர், இரண்டு கோல் அடித்தார். 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தை 2–1 என்று வென்றும் பயனில்லை. 43, 42. ஐ-லீகை வென்ற தமிழ்நாட்டு அணி அது ஒன்றுதான்.

ஒரே ஒரு புள்ளி. அந்த லீகில் விஏஆர் என்கிற வீடியோ சரிபார்ப்பு கிடையாது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஏதோ ஓர் ஊரில் ஒரு கொடி தவறி ஏறியிருந்தால் கோப்பை கொல்கத்தா போயிருக்கும். 2003–04-க்குப் பிறகு அதுவரை தேசிய லீகையே வென்றிராத ஈஸ்ட் பெங்காலைக் கேட்டால் தெரியும் அந்தப் புள்ளியின் விலை. அன்று இரண்டு மைதானங்களிலும் கோட்டோரம் ஓடிய நான்கு பேரின் பெயர் மறுநாள் நான் வாங்கிய எந்தப் பத்திரிகையிலும் இல்லை. 2019 அக்டோபரில், ஐ-லீகுக்குப் பதிலாக ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் லீக் என்ற இடத்துக்கு ஏற்றப்பட்டது; 2020–21-க்குப் பிறகு சென்னை சிட்டியே ஐ-லீகில் இல்லை. அது தனிக் கதை.

இப்போது வருகிற பிள்ளைகளிடம் எனக்கு ஒரே சண்டைதான். ஐரோப்பிய ஆட்டங்களை ஃபோனில் பார்த்துவிட்டு இவர்களும் கொடியைத் தாமதிக்கிறார்கள். ஆஃப்சைடு என்று தெரிந்தும், ஓட்டம் முடியட்டும் என்று நிற்கிறார்கள். கேட்டால், "அங்கெல்லாம் இப்படித்தான் அங்கிள்" என்கிறார்கள். அங்கே பின்னால் வீடியோ இருக்கிறது. இங்கே உன் பின்னால் டீக்கடைதான் இருக்கிறது. அங்கேயும்தான் என்ன வாழ்ந்தது? 2025 மே மாதம் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் ஆட்டத்தில், ஆஃப்சைடுக்கு ஏறவேண்டிய கொடி தாமதமானது. ஆட்டம் ஓடியது, டைவோ அவோனியி கோல் கம்பத்தில் மோதி வயிற்றில் அறுவைச் சிகிச்சை வரை போனது. அவர்களுக்கு டாக்டர் மைதானத்திலேயே இருக்கிறார். நமக்கு ஆம்புலன்ஸ் ஹைவேயில் எந்த லாரிக்குப் பின்னால் நிற்கிறதோ.

அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸைப் பற்றிச் சொன்னால் கோபம் வருகிறது. பல இடங்களில் ஆஃப்சைடே இல்லாமல் ஆடவிடுகிறார்கள். அங்கே வளர்ந்த பையன் பெரிய மைதானத்துக்கு வந்ததும் கோல்கீப்பர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கொடி ஏறினால் நம்மைத் திட்டுகிறான். கொடியைத் தூக்குகிறவனும் அதே செவன்ஸில் வளர்ந்தவன். கை ஆடுகிறது, கொடி தொங்குகிறது, தூரமா கிட்டவா என்று ரெஃப்ரிக்குக் காட்டத் தெரியவில்லை. ஒருநாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், அடுத்த ஞாயிறு மேட்ச். குறுக்கு நடையை எவன் பழகுகிறான்?

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பொன்னாடை வேண்டாம். டச் லைனிலிருந்து ஐந்தடி தள்ளிக் கயிறு கட்டுங்கள். பைக்கைக் கோட்டின் மேல் நிறுத்தாதீர்கள், சேரைக் கோட்டில் போட்டு உட்காராதீர்கள். நோட்டீஸில் ரெஃப்ரி பெயருக்குக் கீழே இரண்டு வரி விட்டு, கொடி பிடிப்பவர்கள் பெயரையும் அச்சடியுங்கள்.